குதிகாலில் ஆறிய புண்

பேகம்பூர், திண்டுக்கல்
12-10-1957

அன்புள்ள அண்ணன் நூர் அகமதுவுக்கு, ஆரிபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளுக்கு வந்த அட்டைக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. அந்த அட்டையிலும் "அம்மாவுக்குச் சலாம், தங்கைக்கு அன்பு" என்று எழுதிவிட்டு, அடுத்த பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தீர்கள். அத்தா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தபால் முத்திரை தெளிவா விழுந்திருக்கு" என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார்.

இங்கே மழை முந்திக்கொண்டது. தோல் பதனிடும் நம் ஷாப்பு முற்றம் முழுக்கச் சேறு. தோல் ஏற்றி வரும் வண்டி மாடுகள் நின்று நின்று சாணி எது, மண் எது என்று தெரியவில்லை. பதப்பட்ட தோலை விரித்து முளையடித்துக் காயப் போட வெயில் இல்லை. ரஷ்யாக்காரர்கள் ஆகாயத்தில் விட்ட செயற்கைச் சந்திரனைப் பற்றிப் பேப்பரில் வாசித்துச் சொன்னேன். "அம்புட்டு ஒசரத்துல போகுதுல்ல, எங்கிட்டு வெயில் அடிக்குதுன்னு கேட்டுச் சொல்லச் சொல்லு" என்றார் அத்தா. மேஸ்திரி கிதர் முகம்மது சிரித்த சிரிப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழப் பார்த்தார்.

போன வாரம் அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நடந்தபோது பழைய மூங்கில் முளை ஒன்று அத்தாவின் குதிகாலில் ஏறிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் முனை உடைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். எப்போதும்போல ஆவாரம்பட்டைத் தூளையும் கடுக்காயையும் குழைத்துப் பொத்தலுக்குள் திணித்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். "செத்த ஆட்டுத் தோலையே கெடாம நிறுத்துற பட்டை. உசிரோட இருக்க என் தோலை நிறுத்தாதா?" என்றார். பட்டையின் துவர்ப்பு சதையைச் சுருக்கி இழுத்து, சில நாளில் புண் வாய் மூடிவிட்டது. சின்ன வயதில் நம் காலிலும் இப்படித்தானே மூடும். நேற்று கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். மிளகளவு கருப்புப் பொட்டு, அவ்வளவுதான்.

அவருக்கு வயதாகிறது என்று எழுத வந்தேன், காலில் போய் நின்றுவிட்டேன். இரவு சாப்பிடும்போது வெஞ்சனக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு, "குதிரைக்காரன் ஏதும் எழுதினானா?" என்று கேட்கிறார். "யாரைக் கேக்குறீங்க, கத்தரிக்காயையா?" என்கிறார் அம்மா. அவர் கத்தரிக்காயை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆட்கள் எல்லோரும் பார்த்திருக்க, "ஷாப்பு வேணாமுன்னு போறவன் என் மய்யித்துக்கும் வர வேணாம்" என்று அவர் சொன்னது தப்பு. அதைக் கேட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நீங்கள் பெட்டியைத் தூக்கியதும் தப்பு. அவர் முதலில் எழுத மாட்டார். நீங்கள் ஒரு வரி எழுதுங்கள், அவர் பெயருக்கு.

அன்புடன்,
ஆரிபா


சென்னை
15-10-57

ஆரிபா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. சண்டையைப் பிறகு பேசுவோம். முதலில் குதிகால்.

நான் இங்கே குதிரைக்குப் புல் போடுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும். தனுர்வாதம் என்று கேள்விப்பட்டிருப்பாய், உடம்பை வில்லாக வளைக்கும் ஜன்னி. அதற்கான மருந்தைத்தான் இங்கே குதிரைகளின் ரத்தத்திலிருந்து எடுக்கிறோம். அந்தக் கிருமி மண்ணில் இருப்பது. மாடும் குதிரையும் சாணி போடும் மண்ணில் அதிகம். ஓடு கட்டிக்கொண்டு விதை மாதிரிக் கிடக்கும். வெயிலில் காயும், மழையில் நனையும், வருஷக்கணக்கில் சாகாது. ஆனால் காற்றுப் படும் இடத்தில் அது முளைக்காது. அகலமாகத் திறந்த புண்ணில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், காற்றுப் படும். அங்கே அதற்கு வழி இல்லை. ஊசி போலக் குத்தி இறங்கிய ஆழமான பொத்தல், உள்ளே நசுங்கிய சதை, ஒரு மரச் சிராய், மேலே மூடி இருந்தால் முளைக்கும்.

நம் வீட்டுப் பட்டை செய்திருப்பது அந்த மூடியைத்தான். சின்ன வயதில் நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அன்றைக்கு அந்த மண்ணில் அது இல்லை, அவ்வளவுதான். புண் வலிக்கவில்லை, சீழ் இல்லை என்று சந்தோஷப்படாதே. இந்தக் கிருமிக்குச் சீழ் தேவையில்லை. அது விழுந்த இடத்தைவிட்டு நகராது. அது கக்கும் விஷம் நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்.

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. புண்ணைக் கீறித் திறக்க வேண்டும். உடைந்த முனையை எடுத்துக் கழுவி, கட்டி மூடாமல் விட வேண்டும். சீரம் ஊசி போட வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. விஷத்தின் வீரியத்தை அடக்கிக் குதிரைக்குக் கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றினால், அதன் ரத்தத்தில் விஷத்தைப் பிடித்து முறிக்கும் பொருள் ஊறும். அந்த ரத்தத்தின் தெளிநீர்தான் ஊசி. இப்போது போட்டால் பலன் உண்டு. பிறகு போட்டால் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

நான் சொன்னதாகச் சொல்லாதே. உன் யோசனையாகச் சொல். தாடை இறுகினாலோ கழுத்துப் பிடித்தாலோ கடிதம் எழுதிக்கொண்டு உட்காராதே. தந்தி கொடு.

மற்றது: அவர் கூப்பிட்டால் வருவேன். ஆட்கள் முன்னால் போகச் சொன்னவர் ஆட்கள் முன்னால் கூப்பிடட்டும்.

நூர்


பேகம்பூர்
18-10-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதாகச் சொல்லாமல், பேப்பரில் படித்தேன் என்றுதான் ஆரம்பித்தேன். "எந்தப் பேப்பரு? குதிரைப் பேப்பரா?" என்றார் அத்தா. எனக்குப் பொய் சொல்ல வராது என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஷாப்பு வாசலில் நின்று சத்தம் போட்டார். "ஏலே கிதரு, எம்மகன் எனக்குக் குதிரை ரத்தம் ஏத்தச் சொல்றான்டா. நாளைக்கு நான் கனைச்சா பதறாதீங்க, கொஞ்சம் கொள்ளு வையுங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. எம்மகன் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று. சம்மதித்துவிடுவார் என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். காலைப் பற்றிய பகுதியை மட்டும் வாசித்தேன். "என் பேரு எங்க வருது?" என்றார். வருகிறது என்றேன். "வர்ற இடத்த வாசி." முதலிலிருந்து கடைசிவரை தேடினேன், அண்ணே. "அவர்" என்று இருக்கிறது. அத்தா என்று ஓர் இடத்திலும் இல்லை. நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "காலைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்கான். காலுக்கு மேல ஒரு ஆளு இருக்கதா எழுதலை. விடு. ஆறுன புண்ணை எவனாச்சும் கீறுவானா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நேற்றும் கேட்டுப் பார்த்தேன். எனக்கு வேலை இருக்கிறது என்றார். ஊர்ப் பெண்கள் என்னைப் புத்தகப்புழு என்கிறார்கள். படித்த அத்தனை புத்தகத்திலும் ஒரு மனிதரை ஆஸ்பத்திரிக்கு நடக்க வைக்கும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

மேலே எழுதியது காலையில். இப்போது மதியம். அத்தா சோற்றுக்கு உட்கார்ந்தார். கவளத்தை வாய்க்குக் கொண்டுபோய், திரும்பவும் தட்டில் வைத்தார். "வெத்தலைச் சுண்ணாம்பு வெந்திருச்சு போல, வாய் தொறக்க மாட்டேங்குது" என்றார். கிட்டே போய்த் திறக்கச் சொன்னேன். என் இரண்டு விரல் நுழையவில்லை.

கிதர் முகம்மதுவைத் தந்தி ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். குதிரை வண்டி வரும்வரை கை சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன். கீற வேண்டாம், ஊசி வேண்டாம் என்று இப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

ஆரிபா


சென்னை
19-10-57

ஆரிபா,

தந்தி நேற்று மாலையே கிடைத்தது. அங்கே ஆஸ்பத்திரியில் சீரம் இருக்கும். இருந்தாலும் எங்கள் இடத்தில் கேட்டு வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, நேற்றிரவு ரயிலில் ஊருக்குக் கிளம்பிய பேகம்பூர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன் அது உன்னிடம் வந்திருக்கும்.

உன்னிடம் மறைக்கக் கூடாது. ரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் சீரம் பிடிக்கும். நரம்புக்குள் ஏறி ஒட்டிக்கொண்டதை அது இறக்காது. இறக்க இதுவரை ஒன்றும் இல்லை. நாம் கையை மடக்கினால் மடக்கும் சதை இறுகும், அதற்கு எதிர்ச் சதை தளரும். தளரச் சொல்லும் கட்டளையை இந்த விஷம் அறுத்துவிடுகிறது. உடம்பில் உள்ள எல்லாச் சதையும் ஒரே நேரத்தில் இறுகும். வெளிச்சம், சத்தம், தொடுவது எதுவும் அதைக் கிளப்பும். இருட்டறை, அமைதி, உறக்க மருந்து, இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு விஷம் தானாகத் தேயும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். சிலர் தாக்குப்பிடிக்கிறார்கள்.

எழும்பூர் ஸ்டேஷனில் பிளாஸ்கைக் கொடுத்த பிறகு டிக்கெட் வரிசையில் நின்றேன். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். நீ என்னைத் திட்டுவாய். திட்டு. நான் போய்க் கட்டிலருகே நின்று, அத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதற்குப் பிறகு எனக்கு என்ன இருக்கிறது?

அவரிடம் கேள். நூர் வரட்டுமா என்று மட்டும் கேள். வாய் திறக்க வேண்டாம், தலையை அசைத்தால் போதும். உடனே தந்தி கொடு. துணியைக்கூட எடுக்காமல் ஏறுகிறேன்.

நூர்


திண்டுக்கல், ஆஸ்பத்திரியில்
23-10-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

வார்டின் கோடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல்களில் கம்பளி தொங்குகிறது. வராந்தாவில் வெளிச்சத்துக்கு வந்து எழுதுகிறேன்.

நாங்கள் வந்த அன்றைக்கே டாக்டர் செபஸ்தியான் குதிகாலைக் கீறினார். மேலே அழகாக ஆறியிருந்த தோலுக்கு அடியில், விரல்நகம் அளவு மூங்கில் துண்டு, ஈரம் காயாமல் அப்படியே இருந்தது. அதை ஒரு கிண்ணத்தில் போட்டார். சத்தம் கேட்கும் அளவுக்குக்கூட அதற்குக் கனமில்லை. சீரம் போட்டாயிற்று, உங்களுடையதும். பெனிசிலின் போடுகிறார்கள். ஒரு குறையும் இல்லை. செய்யக்கூடியது எல்லாம் நடக்கிறது, அவர் மோசமாகிக்கொண்டே போகிறார்.

இழுப்பு வரும்போது தலையும் குதிகாலும்தான் படுக்கையில் படுகின்றன. நடுவில் என் கை நுழையும். நினைவு மங்கினால்கூடத் தேவலை என்றிருக்கிறது. முழு நினைவோடு இருக்கிறார். நாங்கள் பேசாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒச்சம்மாள் என்று ஒரு ஆயா. சத்தம் எழாமல் இருக்க வாளிப் பிடியில் துணி சுற்றியது அவள்தான். தன் மெட்டிக்கும் துணி சுற்றியிருக்கிறாள். "கட்டுனவன் இருக்கையில கழட்டக் கூடாதேம்மா, அதான் அதுக்கும் ஒரு சட்டை மாட்டிவிட்டேன்" என்றாள். நேற்று தீபாவளி. விடியும் முன்பே தெரு முனையில் போய் நின்று, "ஏலே அப்பு, உள்ள ஒரு பெரியவரு வில்லா வளையிறாரு. அங்கிட்டுப் போயி வெடிங்கடா" என்று பிள்ளைகளை விரட்டினாள். நல்ல பிள்ளைகள், போய்விட்டார்கள். ஆனால் ஊர் முழுக்க வெடித்தது. ஊரை யார் நிறுத்துவது? ஒவ்வொரு வெடிக்கும் அத்தா வளைந்தார். சில வெடி எங்கோ தூரத்தில், எனக்கே கேட்கவில்லை. அவர் உடம்பைப் பார்த்துத்தான் எங்கோ வெடித்தது என்று தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்கவில்லை. டாக்டரிடம் அனுமதி கேட்டேன். "இந்த உடம்புக்கு சந்தோஷமும் ஒண்ணுதான், பயமும் ஒண்ணுதான்மா. ரெண்டும் இழுக்கும். மகன் பேரையே எடுக்காதீங்க" என்றார். அத்தா அசைத்துக் காட்டவும் கழுத்து இல்லை, அது பின்னால் வளைந்து நிற்கிறது.

அதனால் அவர் கூப்பிடுவார் என்று காத்திருக்காதீர்கள். அவரால் யாரையும் கூப்பிட முடியாது. நான் கூப்பிடுகிறேன். வாருங்கள்.

ஆரிபா


சென்னை
4-11-57

ஆரிபா,

அத்தாவின் மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் சொல்லாமல் கிளம்பியது தப்புதான். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். உன்னிடம் கேட்கவில்லை.

ரயிலிலிருந்து இறங்கி மழையில் நடந்தே வந்தேன். வண்டிச் சத்தம் ஆஸ்பத்திரி வாசலில் கேட்கக் கூடாது என்று நீ சொல்லாமலே எனக்குத் தெரியும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவில் வந்தேன். நீ கதவின் குறுக்கே கை வைத்து நின்றாய். "அண்ணே, இப்ப வேணாம். ஊசி போட்டிருக்கு. அவரு ஒறங்குனதும் கூப்புடுறேன், கால்மாட்டுல நின்னு பாருங்க" என்றாய். ஒரு தடவை பார்க்கிறேன் என்றேன். "செத்த நேரம்" என்றாய். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

அந்தக் கதவில் பச்சை வர்ணம் உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு டாக்டர் ஓடிவந்தார். பிறகு கதவு திறந்தது. அப்போது யாரும் என்னைத் தடுக்கவில்லை.

டாக்டர் சொன்னதைத்தான் செய்தாய். தெரியும். டாக்டருக்குப் பாடம் சொல்லும் இடத்தில் வேலை செய்கிறவன் நான். அதே கதவில் நான் நின்றிருந்து நீ வந்திருந்தால் நானும் தடுத்திருப்பேனோ என்னவோ. ஆனால் நீ என் தங்கை. அவரை மய்யித்தாகத்தான் நான் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, அதற்கும் வராதே என்றுதான் சொன்னார். அதற்கு மட்டும் வந்து சேர்ந்தேன். இதற்கு நீ காரணம் என்று ஒரு நாள் நினைக்கிறேன், டிக்கெட் வரிசையிலிருந்து வெளியே வந்தவன் காரணம் என்று மறுநாள் நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்றைச் சொல். நான் வந்தது அவருக்குத் தெரியுமா?

நூர்


பேகம்பூர்
7-11-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

தெரியாது. நீங்கள் வந்தபோது அவர் மருந்தில் இருந்தார். எதையும் கேட்கும் நிலையில் இல்லை. அந்த இழுப்பு தானாக வந்தது. இப்படி வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

கதவைச் சாத்தியதற்கு என்னை எதுவும் சொல்லுங்கள். நான் வேறு மாதிரி செய்திருக்க முடியாது, ஆனாலும் சொல்லுங்கள்.

அம்மா இத்தாவில் உள்ளறையில் இருக்கிறார், நாலு மாதம் பத்து நாளும் அங்கேதான். சாப்பாடு கொண்டுபோனால் முதலில் "சத்தம் போடாம வையி" என்கிறார். பிறகு தன் வார்த்தை தனக்கே கேட்டு அழுகிறார். நாங்கள் எல்லோருமே இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறோம். ஷாப்பில் ஊறிக்கொண்டிருந்த தோல்களைக் கிதர் முகம்மது முடித்துவிட்டார். அங்கே பெரியமேட்டுத் தோல் மண்டிக்கு ஏற்றி வருகிறார், உங்களைப் பார்ப்பார். அதற்குப் பிறகு என்ன என்று கேட்கிறார். முற்றத்தில் நேற்றும் ஒருவர் காலில் சிராய் ஏறியது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "சரிம்மா" என்றார். மாலையில் பார்த்தால் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறார். "ராவுத்தருக்கு வந்தது விதி. பட்டை என்ன செய்யும்?" என்கிறார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரிபா


சென்னை
12-11-57

ஆரிபா,

கிதர் முகம்மது வந்தார். எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்து ஒன்று சொன்னார். அவர் சொன்னது போலவே எழுதுகிறேன்.

"வருத்தப்படாதீங்க தம்பி. ஒச்சம்மா எங்கிட்ட சொல்லுச்சு. நீங்க வெளிய நின்னு இருமுனீங்களாம்ல, அதக் கேட்டு ராவுத்தர் கண்ணு வாசப்பக்கம் திரும்புச்சாம். மகன் வந்துட்டான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போயிருக்காரு. அதுக்கு மேல ஒரு தகப்பனுக்கு என்ன வேணும்?"

நான் இருமினேன். மழையில் நனைந்த நெஞ்சு, அடக்க முடியவில்லை. அதற்கும் டாக்டர் ஓடிவந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதை இத்தனை நாள் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது வேறு எதையும் நினைக்கவில்லை.

நீ எழுதியது பொய்யா? ஒரு வரி எழுது.

நூர்


பேகம்பூர்
15-11-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

பொய்தான். அவருக்குத் தெரியும்.

நான் உள்ளே போனபோது மருந்து இன்னும் பிடிக்கவில்லை. கண் திறந்திருந்தது. ஒச்சம்மாள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். உங்கள் இருமல் கேட்டது, நீங்கள் அடக்கப் பார்த்து அடங்காமல் வந்த ஒன்று. மழைக்காலம் முழுக்க இந்த வீட்டில் கேட்ட இருமல் அது. நூறு பேர் இருமினாலும் நான் பிரித்துச் சொல்வேன். அத்தாவுக்கா தெரியாது? கழுத்து அசையவில்லை, கண் மட்டும் ஓரத்துக்குப் போய்க் கதவில் நின்றது. பிறகு என்னைப் பார்த்தது. மறுபடி கதவுக்குப் போனது. என்னிடம் கேட்கிறார் என்று புரிந்தது. எதுவும் சொல்லக் கூடாது என்று நின்றேன். அப்போது வந்த இழுப்பு விடவேயில்லை. மூச்சுக்கு இடம் கொடுக்கவில்லை.

வராந்தாவில் ஒரு நாற்காலி நகர்ந்திருந்தாலும், வெளியே ஒரு வண்டிமாட்டின் மணி அடித்திருந்தாலும் அது வந்திருக்கும் என்று டாக்டர் செபஸ்தியான் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். அவர் நம்பித்தான் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை. உங்களுக்கும் அதையே எழுதுகிறேன். என்னால் அதற்கு மேல் உத்தரவாதம் தர முடியாது.

கதவைச் சாத்தியவள் என்று நீங்கள் என்னைக் கோபித்துக்கொண்டிருந்தால் அதை நான் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன். அப்படியே விட்டிருக்கலாம். கிதர் முகம்மதுவின் நல்ல மனசு விடவில்லை.

இனி நீங்கள் அடுத்ததைக் கேட்பீர்கள். அந்தக் கண்ணில் கோபமா, சந்தோஷமா, வா என்றாரா, போ என்றாரா என்று கேட்பீர்கள். இந்த நோய் முகத்தை என்ன செய்யும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் மய்யித்தைக் குளிப்பாட்டும்போது பார்த்தது தளர்ந்துபோன முகம். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளிலிருந்து புருவம் மேலே ஏறி, உதடு பின்னால் இழுத்து, பல் தெரிய, அத்தா சிரித்துக்கொண்டே கிடந்தார். வலி வந்தபோது சிரித்தார். தாகத்தில் சிரித்தார். அம்மா அழுதபோதும் அவரைப் பார்த்துச் சிரித்தார். உங்கள் இருமலைக் கேட்டபோதும் அதே சிரிப்புதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்ணில் நீர் இருந்தது. அது இரண்டு நாளாகவே இருந்தது.

ஒச்சம்மாளிடமும் கேட்டுப் பார்த்தேன். "பாத்தாரும்மா, அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்" என்றாள்.

ஏதாவது ஒன்றை அந்த முகத்திலிருந்து என்னால் படிக்க முடிந்திருந்தால், அது கோபமாகவே இருந்திருந்தாலும், கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பேன், அண்ணே.

ஆரிபா